ம்

எரிவாயு அலுவலகத்தில் மூன்றாம் எண் ஜன்னல் என்னுடையது.
அழுத்தம் போதவில்லை, மீட்டர் பொய் சொல்கிறது,
பக்கத்து வீட்டுக்காரன் குழாயில் கை வைத்துவிட்டான்,
எதுவானாலும் நான்கு நிமிடம்.
எண் கொடுத்து, முத்திரை குத்தி,
"அடுத்து" என்பேன்.
புந்தா அரேனாஸில் இவளைப்போல் வேகமாகக்
கோப்பு மூடுகிறவர் இல்லை என்று
மேலாளரே சொல்லியிருக்கிறார்.

அந்தக் கையோடுதான் வீட்டுக்கு வருவேன்.

ரெனாத்தோவுக்கு எட்டு வயது.
திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் வேண்டாம் என்றான்.
"காத்து அடிக்குது."
இந்த ஊரில் காற்று அடிக்காத நாள் எது?
சதுக்கத்து முனையில் கயிறு கட்டியிருக்கிறார்களே,
பிடித்துக்கொண்டு போ.
செவ்வாய், "தொப்பி பறந்துபோச்சு."
புதிது வாங்கி நாடா தைத்துக் கொடுத்தேன்.
புதன், "வயிறு வலிக்குது."
வெந்நீரில் புதினா போட்டுக் கொடுத்தேன்.
மூன்று நாள், மூன்று புகார், மூன்றும் தீர்ந்தன.
வியாழன் அவன் ஒன்றுமே சொல்லவில்லை.
அப்பாடா என்றிருந்தது எனக்கு.

இதை எழுதும்போது
கை கொஞ்சம் நிற்கிறது.

அன்றிரவு நீரிணைப் பக்கமிருந்து வந்த காற்று
மின்கம்பம் இரண்டைச் சாய்த்தது.
கூரைத் தகரம் கிடுகிடுத்தது.
சட்டை தேய்க்க முடியாமல், பாத்திரம் கழுவ முடியாமல்,
செல்போனும் செத்துவிட,
செய்வதற்கு எதுவும் மிச்சமில்லாமல்
அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.
என் முகம் அவனுக்குத் தெரியவில்லை.
அதுதான் காரணமோ என்னவோ.

"கயித்தைப் பிடிச்சுட்டுத்தான் போனேன்."
ம்.
"அப்பதான் தொப்பி போச்சு."
ம்.
"அடுத்து நீதான் பறப்பேன்னு விசென்ட்டே சொன்னான்.
உங்கப்பாவும் அப்படித்தான் போனாராம்.
காத்து தூக்கிட்டுப் போச்சாம்.
யாரும் தேடலையாம்."

எழுந்தே விட்டேன்.
விசென்ட்டே வீட்டில் இரண்டு மாத நிலுவை, எனக்குத் தெரியும்.
நாளை ஆசிரியை, நாளை மறுநாள் தலைமையாசிரியர்.
உன் அப்பா காற்றில் போகவில்லை, கண்ணா,
சால்மன் பண்ணைப் படகில் போனார்,
சிலோயேத் தீவில் இருக்கிறார், விலாசம்கூட இருக்கிறது.
எல்லாம் நாக்கு நுனியில்
டோக்கனோடு வரிசையில் நின்றன.

கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன்,
சதுக்கத்துக் கயிற்றைப் பிடிப்பதுபோல்.
மறுபடி உட்கார்ந்தேன்.
ம்.
அரை மாத்திரைகூடத் தேறாத ஒலி.
அதற்கு எனக்கு மூச்சு வாங்கியது.

நெடுநேரம் தகரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
தூங்கிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

"எல்லாரும் சிரிச்சாங்க."
ம்.
"நானும் சிரிச்சேன்."

அதைச் சொல்லத்தான்
காற்றில் தொடங்கி, தொப்பி வழியாக,
வயிற்றைச் சுற்றிக்கொண்டு,
மூன்று நாள் என் ஜன்னலுக்கு வந்து வந்து
திரும்பிப் போயிருக்கிறான்.
நாடா வைத்துத் தைக்க இதில் கிழிசல் எங்கே இருக்கிறது?

"நீயும் சிரிச்ச" என்றேன். கேள்வியாக அல்ல.
"ஆமா. எல்லாரையும்விட சத்தமா."
அப்புறம்தான் அழுதான்.
அழாதே என்று சொல்லியே பழகிய வாய் இது.
மூக்கைத் துடைக்க என் சட்டைக் கையை நீட்டினேன்,
வாய்க்கு வேறு வேலை கொடுக்காமல்.

விடியலில் மின்சாரம் வந்து
சமையலறை வானொலி தானாகப் பேச ஆரம்பித்தது:
இன்றும் காற்று, நாளையும்.
ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு
தொப்பியின் நாடாவைக் கட்டிக்கொண்டு
வாசல்வரை போனவன் நின்றான்.
"அம்மா, அது இன்னும் முடியல."

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றுதான் முதலில் வந்தது.
அதைச் சொல்லியும் விட்டேன்.

பிறகு கதவைச் சாத்தினேன்,
இருவரும் உள்ளே இருக்க.